கடைசியாக என்ன கேட்டான்?

என் கன்னத்தில் அவள் இரண்டு முறை அறைந்திருக்கிறாள். முதல் அறை, என் புருஷன் செத்துப்போனதை நான் ஒழுங்காகச் சொல்லவில்லை என்பதற்காக. அப்போது அவர் கடலோரத்தில் பந்திங் பக்கம் ஒரு மரவள்ளிக் கொல்லையில் உயிரோடு ஒளிந்திருந்தார். இரண்டாவது அறையைப் பிறகு சொல்கிறேன்.

அவள் பெயரை யாரும் கேட்டதில்லை. மலாயாவில் கிள்ளானுக்கு வெளியே எங்கள் ரப்பர் தோட்டத்துக்கும் பக்கத்து நாலு தோட்டங்களுக்கும் பொதுவாக ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. தகரக் கூரை, பலகைச் சுவர். அதில் பிரசவ அறை ஆயா அவள். நேரில் ஆயா என்போம். முதுகுக்குப் பின்னால் தாலியறுப்புக்காரி என்போம். குட்டையான உருவம், கட்டுமஸ்தான கைகள். ஜப்பான்காரன் காலத்தில் துணி கிடைக்காமல் எல்லாரும் சாக்கைச் சுற்றிக்கொண்டு திரிந்தோம். அவள் மட்டும் அந்தச் சாக்கையும் ஓரம் மடித்துத் தைத்து உடுத்தியிருந்தாள். குரலை உயர்த்தி அவள் பேசி நான் கேட்டதே இல்லை. கைதான் உயரும்.

பாதியில் விட்ட காரியத்தைக் கண்டால் அவளுக்கு உடம்பு எரியும். தரையைக் கழுவினால் வாளியையும் கழுவுவாள், வாளியைக் கழுவிய தொட்டியையும் கழுவுவாள். கஞ்சியில் ஒரு வாய் மிச்சம் வைத்தவளின் பின்னந்தலையைப் பிடித்து அந்த வாயையும் ஊட்டிவிட்டுத்தான் நகருவாள். ஒருத்திக்குப் பிள்ளை செத்தே பிறந்தது. பார்க்க வேண்டாம், எடுத்துப் போய்விடுங்கள் என்று பெற்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆயா அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டி, இடுப்பில் கயிறு கட்டி, கன்னத்தில் மை வைத்து, அந்தப் பெண் மடியில் கொண்டுவந்து கிடத்தினாள்.

"பத்து மாசம் சொமந்தல்ல? முழுசா பாத்துட்டு அனுப்பு."

அந்தப் பெண் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற நாங்கள் காதைப் பொத்திக்கொண்டோம். இவளுக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா என்று அன்றைக்கு எனக்கு நிஜமாகவே சந்தேகம் வந்தது.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. தோட்டத்துக்குத் தோட்டம் லாரி வரும். கையும் காலும் நன்றாக இருக்கிற ஆண்பிள்ளை கண்ணில் பட்டால் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசி கூட வரவில்லை. அதனால் லயத்து வரிசை வீடுகளில் பாதி ஆண்கள் ஒளிந்துகொண்டார்கள். காட்டிலோ மலாய்க்காரர் கம்பத்திலோ கடற்கரையிலோ கிடைத்த இடத்தில் கிடந்தார்கள். பெண்டாட்டிமார் வயிறு மட்டும் ஒளிய இடமில்லாமல் வளர்ந்தது.

ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறப் போனால் வாசலில் கணக்கு எழுதும் கிராணி ஒருவர் பெரிய புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். புருஷன் பெயர் என்ன, வயசென்ன, இப்போது எங்கே இருக்கிறான்? அவர் எழுதிய தாள் நேராக லாரிக்காரர்கள் கைக்குப் போகும். பிறந்த பிள்ளையைப் பார்க்க வந்த இரண்டு பேரை ஆஸ்பத்திரி வாசலிலேயே பிடித்தார்கள். அதற்கப்புறம் எவளும் அந்தப் பக்கம் போகவில்லை. லயத்துத் தரையில் சாக்கை விரித்து, பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்துக்கொண்டு பெற்றார்கள். பிழைத்தவள் பிழைத்தாள்.

என் கதை வேறு. எனக்கு முதல் பிள்ளை லயத்தில்தான் வந்தது. முதலில் கை வந்தது. மூன்று நாள் வலி. பிள்ளை போய்விட்டது, நான் எப்படிப் பிழைத்தேன் என்று எனக்கே தெரியாது. இரண்டாவது வயிற்றில் வந்தபோது, இந்தத் தரையில் படுத்தால் நான் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், ஆனால் புருஷன் பெயரைக் கொடுக்கக் கூடாது. இதற்கு வழி வைத்திருந்தவள் ஆயா ஒருத்திதான்.

வழி என்ன, புருஷனைச் சாகடித்துவிடுவது.

முதலில் அதை ஒருத்தி தானாகச் செய்து பார்த்தாள். புருஷன் செத்துப்போய்விட்டான் என்று கிராணியிடம் சொன்னாள். கழுத்தில் மஞ்சள் கயிறு, நெற்றியில் பொட்டு. கிராணி எழுந்து வந்து அந்தக் கயிற்றில் விரலை விட்டு இழுத்துப் பார்த்துச் சிரித்தாராம். மறுநாளே புருஷனைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஆயா வாசலுக்கு முன்னாலிருந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கத் தொடங்கினாள். கையில் ஒரு பழைய பிஸ்கட் டின்.

"சொன்னா முழுசா சொல்லு. இல்ல, வீட்டுக்குப் போ," என்பாள்.

முழுசாக என்றால் முழுசாகத்தான். தாலியைக் கழற்றி டின்னில் போடவேண்டும். பொட்டை அழிக்கவேண்டும். கண்ணாடி வளையலை மரத்தில் தட்டி உடைக்கவேண்டும். மெட்டி கழற்றிய விரலில் வெள்ளைத் தழும்பு தெரிந்தால் சேற்றை அள்ளிப் பூசுவாள். இதையெல்லாம் நிறைமாச வயிற்றோடு, வலி எடுக்கப்போகிற நேரத்தில் செய்யவேண்டும். தாலி கழுத்தில் இருந்தால்தான் புருஷன் நல்லபடியாக இருப்பான் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். அவள் கேட்டது எங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

குழாயடியில் அப்போது வேறு பேச்சே கிடையாது. அங்கே போனால் பிள்ளை தங்கும், தாலி போகும். இங்கே பெற்றால் உயிர் போனாலும் பூவோடும் பொட்டோடும் போகலாம். எங்கள் லயத்தில் முக்கால்வாசிப் பேர் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுச் செல்லம்மாவுக்கும் எனக்கும் ஒரே மாசம்.

"நான் செத்தாலும் சுமங்கலியா சாவேன்க்கா. அந்த மூதேவி கையால தாலிய கழட்ட மாட்டேன்," என்றாள்.

சொன்னபடியே செய்தாள். லயத்தில் பெற்றாள், இரத்தம் நிற்கவில்லை, இரண்டாம் நாள் போய்விட்டாள். பிள்ளையும் பின்னாலேயே போனது. எங்கிருந்தோ தேடி மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து பூசி, அவளை அம்மன் மாதிரி உட்கார வைத்தார்கள். பெண்கள் வரிசையாகக் காலில் விழுந்தார்கள். கொடுத்து வைத்தவள் என்றார்கள். அந்தக் கூட்டத்தில் ஆயா வந்து நின்றாள். செல்லம்மாவை உச்சியிலிருந்து பாதம் வரை நிதானமாகப் பார்த்தாள்.

"அலங்காரத்துல ஒரு கொறையும் இல்ல. ஆஸ்பத்திரி ரெண்டு மைல்தான்," என்றாள்.

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாள். பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். நான் தூற்றவில்லை. எனக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

மாமியாரிடம் சொன்னபோது கையிலிருந்த மரவள்ளிக்கிழங்கை என்மேல் வீசினார். "எம்மவன உசுரோட கொளுத்திட்டுப் புள்ள பெத்துக்கப் போறியா?" என்று கேட்டார். கிழங்கைப் பொறுக்கிச் சட்டியில் போட்டேன்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தேன். இடுப்பு வலி விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. தாலியை நானே கழற்றிக் கொடுத்தேன். அவள் அதைக் கந்தைத் துணியில் சுற்றி, பச்சை நூல் கட்டி டின்னில் வைத்தாள். ஒவ்வொருத்திக்கும் ஒரு நூல், ஒரு முடிச்சு. மாறியதாக யாரும் சொன்னதில்லை.

"எப்பிடிச் செத்தான்?"

"பாம்பு கடிச்சு."

"இந்த மாசம் ரெண்டு பேருக்குப் பாம்பு கடிச்சாச்சு. கிராணி என்ன கேணையனா? காய்ச்சல்னு வச்சுக்க. எத்தன நாளு?"

"நாலு நாளு."

"ஆறு நாளு. காய்ச்சல்ல கெடந்தவன் எளைக்கணும், நாலு நாள்ல எளைக்க மாட்டான். எளச்சுட்டான்னு சொல்லு. யாரு தூக்குனது?"

"எங்கண்ணன்."

"அண்ணன்னு சொன்னா அவன் பேரையும் எழுதுவான். கெழவனா நாலு பேரு சொல்லு. கடைசியா என்ன கேட்டான்?"

"தண்ணி."

"எல்லாப் புருசனும் தண்ணிதான் கேக்குறான். உன் புருசன் என்ன கேப்பான்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்று கேட்டால் தெரியாது. வலியும் பயமும் சேர்ந்து சிரிப்பாக வந்தது. அப்போதுதான் அறைந்தாள். பல்லில் உதடு கிழிந்து இரத்தம் வந்தது.

"உன் புருசன் செத்ததச் சொல்ற. இப்பிடியா சொல்லுவ?"

நான் அழுதேன். அழுதுகொண்டே சொன்னேன். உப்பில்லாத கஞ்சியை வாயில் வைக்க மாட்டார் என் புருஷன். உப்புக்கு நாடே அலைந்த அந்த நாளிலும், சட்டியைத் தள்ளிவிட்டுப் பட்டினியாகப் படுத்துக்கொள்கிற ஆள். அதனால், "உப்பு போட்டு ஒரு வாய் கஞ்சி கேட்டாரு," என்றேன்.

அவள் முகம் கொஞ்சம் இளகியது என்று நினைக்கிறேன். "நல்லாருக்கு. குடுத்தியா?"

"உப்பு கெடைக்கல. சும்மா குடுத்தேன். குடிக்கல."

"ம். அத அப்பிடியே சொல்லு. ஒண்ணையும் மாத்தாத." பிறகு என் கையைப் பார்த்தாள். அது வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தது. "கை அங்கதான் போகும். போக விடு. நெசமா அறுத்தவளுக்கும் ஒரு வருசத்துக்குப் போகும்."

அதை அவள் எங்கே படித்தாள் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

கிராணியிடம் ஒன்றையும் மாற்றாமல் சொன்னேன். கஞ்சி கேட்ட இடத்துக்கு வந்தபோது அவர் பேனாவை வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். காலமாகிவிட்டார் என்று எழுதினார். என் கண் முன்னால் மை காய்ந்தது. எழுத்துத் தெரியாவிட்டாலும் அது என் புருஷன் பெயர் என்று எனக்குத் தெரியும்.

அன்று மத்தியானம் பிரசவ அறையில் அவள் என்னை என்ன பாடு படுத்தினாள்! வலி முற்றினால் பெண்கள் யாரைத் திட்டுவார்கள்? புருஷனைத்தான். நானும், பாவி, எங்கடா போய்ப் படுத்திருக்கே, வந்து பாருடா என்று வாயெடுத்தேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கிராணி. ஆயா கந்தைத் துணியை உருட்டி என் வாயில் திணித்தாள்.

"செத்தவன யாருடி இப்பிடித் திட்டுவா?" என்று காதோடு சொன்னாள். "அழறதுன்னா ஆண்டவன்கிட்ட அழு."

துணியை எடுப்பாள், நான் மறுபடியும் அவர் பெயரைச் சொல்வேன், மறுபடியும் திணிப்பாள். தொடையில் கிள்ளிக் கிள்ளி இரத்தம் கட்டிப்போனது. பிள்ளை இந்த முறையும் குறுக்கே கிடந்தது. வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்து, நான் துடிக்கத் துடிக்க அவள் அதைத் திருப்பினாள். டாக்டர் இடத்தில் நின்ற டிரெஸ்ஸருக்கு வேர்த்து ஊற்றியது. அவளுக்கு ஒரு சொட்டு வேர்க்கவில்லை. என் மகன் அழுதுகொண்டு வந்தான். லயத்தில் படுத்திருந்தால் இரண்டு பேருமே போயிருப்போம். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது, பச்சை நூல் கட்டிய பொட்டலத்தை மரத்தடியில் வைத்துக் கொடுத்தாள்.

"மடியில வச்சுக்க, கழுத்துல போடாத. லாரி ஓயுற வரைக்கும் நீ அறுத்தவதான். அவரு வந்தா புள்ளைய பாக்கட்டும், பாத்த கையோட போகட்டும். தாலி கட்டுறேன், கொண்டாடுறேன்னு நிக்கக் கூடாது. வெளங்குதா?"

தலையாட்டினேன். அவள் இத்தனை பாடுபட்டு முழுசாகச் செய்து கொடுத்த காரியம் அது. நான்தான் பாதியில் விட்டேன்.

பதினாறாம் நாள் காலையில் அவர் வந்தார். விடியும்போதே லயத்துக்குப் பின்னால் வந்து நின்றார். இடுப்புத் துணியில் ஒரு பிடி உப்பு முடிந்திருந்தது. கடல் தண்ணீரைத் தானே காய்ச்சி எடுத்தாராம். பிள்ளையை வாங்கினார், முகர்ந்தார், மடியில் போட்டுக்கொண்டார். பிறகு என் கழுத்தைப் பார்த்தார்.

"நடந்து வந்தது பசிக்குது புள்ள. கொஞ்சம் கஞ்சி குடு. இந்த உப்பப் போட்டுக் குடு," என்றார்.

அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டுதான் இருந்தது. நான் அகப்பையை எடுத்தேன். மாமியார் தடுத்துவிட்டார். கழற்றிய தாலியைப் புருஷன் கையால் மறுபடி கட்டிக்கொள்ளாமல் இந்த வீட்டில் யார் வாயிலும் அன்னம் படக்கூடாது, கட்டுகிறவன் வெறும் வயிற்றோடு கட்டவேண்டும் என்றார். சரி, உடனே கட்டிவிட்டாவது போகட்டும் என்றேன். அதுவும் ஆகாதாம். நான் குளித்து வருவதற்குள் ராகு காலம் பிறந்துவிடும். ஒன்பது மணிக்கு மேல்தான் நல்ல நேரம்.

ஆயா சொன்னது என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். பிள்ளையைப் பார்த்தாகிவிட்டது, போய்விடுங்கள் என்று அவரைத் தள்ளியாவது விட்டிருக்கலாம். ஆனால் எனக்கும் ஆசை. சும்மா சொல்லக்கூடாது, மாமியாரைவிட எனக்குத்தான் ஆசை. உயிரோடு இருக்கிற மனுஷனைச் செத்துவிட்டார் என்று சொன்ன இந்த வாயும் வெறும் கழுத்தும் பதினாறு நாளாக என்னைத் தின்றுகொண்டிருந்தன. புதுக் கயிற்றுக்கு மஞ்சள் பூசி வைத்துக்கொண்டு, குளித்துத் தலை சீவி, ஒன்பது மணிக்காக உட்கார்ந்திருந்தேன்.

லாரி எட்டரைக்கு வந்தது. யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. எங்கள் லயத்துக்கு அது வாரம் ஒருமுறை வருகிற லாரி. அவர் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார், அவ்வளவுதான் முடிந்தது. இரண்டு பேர் பிடித்துக்கொண்டு போனார்கள். லாரியில் ஏறும்போது திரும்பிப் பார்த்து, "கஞ்சிய எறக்கிட்டியா பாரு, அடி புடிக்கப் போவுது," என்றார். அடிபிடித்துத்தான் போயிருந்தது.

"நீ சாகடிச்ச, அவன் செத்தான்," என்று மாமியார் தன் கடைசி மூச்சு வரை சொன்னார். கொள்ளியை நான் வைத்தேன் என்றால், விறகை அவர் அடுக்கினார். அதை நான் அவரிடம் சொன்னதில்லை.

ஜப்பான்காரன் போனான். அந்த வருஷக் கடைசியில் சயாமிலிருந்து ஆட்கள் திரும்புகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கோலாலம்பூர் ஸ்டேஷனுக்குப் போனேன். என்னைப்போல ஐம்பது அறுபது பேர் நின்றோம். ரயிலிலிருந்து இறங்கியவர்களின் கால்களெல்லாம் புண். நாலாம் நாள் ரயிலில் வந்த ஒருவர், என் புருஷன் பெயரையும் தோட்டத்தையும் கேட்டுவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"தெரியும் தங்கச்சி. எங்க முகாமுதான். அவரு இருந்த கொட்டகையில வாந்திபேதி வந்து ஒருத்தர் மிஞ்சல. எல்லாத்தையும் ஒண்ணா வச்சுக் கொளுத்திட்டாங்க."

எப்படிப் போனார், எத்தனை நாள் கிடந்தார், எதையாவது கேட்டாரா? அவருக்கு எதுவும் தெரியவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. ஸ்டேஷனுக்கு அடுத்த பிரிக்பீல்ட்ஸ் வழியாகச் சும்மா நடந்தேன். ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்தில் ஆயா நின்றிருந்தாள். ஆஸ்பத்திரி வேலை போய்விட்டதாம், வீடுகளுக்குத் துணி துவைத்தாளாம். அவள் கையால் பிள்ளை பெற்றவர்கள் கூட அவளைக் கண்டால் தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனார்கள். எதிரில் வந்தாலே ஆகாது என்று பேர் வாங்கியிருந்தாள். நான் தாண்டிப் போகவில்லை, நின்றேன்.

பிழிந்துகொண்டிருந்த துணியை முழுக்கப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்தாள். என் மகனின் கையையும் காலையும் தொட்டுப் பார்த்தாள்.

"வந்தாரா?"

சொன்னேன். உப்பையும், ஒன்பது மணியையும், லாரியையும், கொட்டகையையும் வரிசையாகச் சொன்னேன். யாரோ வேற்று ஆளுக்கு நடந்ததைச் சொல்வதுபோல என் குரல் எனக்கே கேட்டது.

"அழுதியா?"

"வரல ஆயா."

அறைந்தாள். பட்டப்பகல், தெருவில் போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். அதே கை, அதே கன்னம். எனக்கு வந்துவிட்டது. இரண்டரை வருஷத்து அழுகையும் சேர்ந்து வந்தது. சோப்புத் தண்ணீர் ஓடுகிற தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன். பிள்ளையும் பயந்து அலறினான். அவனை அவள் தூக்கிக்கொண்டாள். என்னைத் தேற்றவில்லை, தடுக்கவும் இல்லை. நான் முழுசாக முடிக்கும்வரை நின்றாள்.

பிறகு மரத்தடியில் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"கடைசியா என்ன கேட்டாரு?"

"கஞ்சி கேட்டாரு. உப்பு போட்டு ஒரு வாய் கஞ்சி கேட்டாரு."

"குடுத்தியா?"

ஒன்றையும் மாற்றக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவள் அவள். ஒரு சொல் பிசகினாலும் பிடித்துவிடுகிற கண். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"குடுத்தேன். அவரு கொண்டாந்த உப்பதான் போட்டேன். வயிறு நெறைய குடிச்சாரு."

மறுபடியும் கை ஓங்குவாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் என் மகனை என் இடுப்பில் வைத்தாள்.

"அத அப்பிடியே சொல்லு," என்றாள்.

என் மகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அப்படியேதான் சொல்லி வைத்திருக்கிறேன்.